போலித் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றமா?

1978 டிசம்பர் 20 அன்று கல்கத்தாவிலிருந்து லக்னோ வழியாக டெல்லிக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் 410 விமானத்தை இரண்டு இளைஞர்கள் கடத்தினார்கள். சிறையிலிருந்த இந்திரா காந்தியை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. விமானம் வாரணாசியில் இறக்கப்பட்டது. பல மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு இருவரும் சரணடைந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளை அவ்வளவு நேரம் உட்கார்ந்த இடத்திலேயே அடக்கி வைத்திருந்தவை பொம்மைத் துப்பாக்கிகள். கடத்தியவர்கள் மீதான வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 1980 தேர்தலில் இருவரும் காங்கிரஸ் வேட்பாளர்களாக நின்று உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்துக்குள் போனார்கள்.

அன்றைக்கு விமானக் கடத்தலுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1982இல் வந்த விமானக் கடத்தல் தடுப்புச் சட்டமும், அதை நீக்கிவிட்டு வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும் கடத்தியவன் கையில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. பலத்தாலோ மிரட்டலாலோ விமானத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தானா என்றுதான் கேட்கின்றன. குண்டு பாய்கிற துப்பாக்கியா, பாயாததா என்பது பயணியின் நெஞ்சுக்குத் தெரியாது. சட்டமும் அவன் நெஞ்சின் பக்கமே நின்றுகொண்டது. இது சரியான நிலைப்பாடு.

ஆனால் இது பயன்பாட்டைப் பற்றியது. யாரையும் மிரட்டாமல், எங்கும் எடுத்துப் போகாமல், வீட்டு அலமாரியில் ஒருவர் அசலைப் போன்ற துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தால்? அவர் பழைய ராணுவப் பொருள்களைச் சேகரிப்பவராக இருக்கலாம். நாடகக் குழு நடத்துபவராகவோ, சினிமாவுக்கு டம்மி துப்பாக்கி வாடகைக்கு விடுபவராகவோ இருக்கலாம். குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த தகப்பனாகவும் இருக்கலாம். அந்த உடைமை குற்றமா? இந்தக் கேள்வியை மிக நீண்ட காலம், அடுக்கடுக்காக யோசித்த நாடு பிரிட்டன். நம்முடைய படைக்கலச் சட்டம் போலித் துப்பாக்கிக்குச் சொல்லும் விளக்கமும் அங்கிருந்து வந்ததுதான். அதனால் அந்த நாட்டுச் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நமக்கும் உதவும்.

அசல் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்ற ஏற்பாட்டை பிரிட்டன் 1920இல் கொண்டுவந்தது. 1933இல் இன்னொரு சட்டம் வந்தது. கைதாவதைத் தடுக்கத் துப்பாக்கியைப் பயன்படுத்துபவனைத் தண்டிக்க வந்த அந்தச் சட்டம், தன் பெயரிலேயே போலித் துப்பாக்கியையும் சேர்த்துக்கொண்டது. குண்டு வெளிவருமா வராதா என்பது முக்கியமல்ல, பார்வைக்குத் துப்பாக்கியாகத் தெரிகிற எதுவும் போலித் துப்பாக்கி என்று அது வரையறுத்தது. 1968இன் துப்பாக்கிச் சட்டம் வரை அந்த வரையறை பெரிய மாற்றமின்றி வந்தது. 1959இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய படைக்கலச் சட்டத்தின் 6ஆம் பிரிவு விளக்கத்திலும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான். ஆனால் பிரிட்டன் அந்த வரையறையின் மேல் ஒரு கட்டடமே எழுப்பியது. நாம் ஓரிரு இடங்களில் அதைப் பயன்படுத்திவிட்டு நிறுத்திக்கொண்டோம். அந்த வேறுபாட்டைப் பிறகு சொல்கிறேன்.

பிரிட்டிஷ் கட்டடத்தின் மேல்தளத்தில் இருப்பவை பயன்பாட்டுக் குற்றங்கள். போலித் துப்பாக்கியைக் காட்டிக் கைதாவதை எதிர்த்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். குற்றம் செய்யும் எண்ணத்தோடு எடுத்துச் சென்றாலும் அதே உச்ச வரம்பு. வன்முறை நேரும் என்று ஒருவரை அஞ்சவைக்கும் நோக்கத்தோடு வைத்திருந்தால் 10 ஆண்டு வரை. ஆயுதத்தோடு கன்னக்களவு செய்தல் என்ற குற்றத்துக்குத் திருட்டுச் சட்டம் தரும் பட்டியலில், அசல் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே போலித் துப்பாக்கியும் எழுதப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் படுக்கையறையில் விழித்துக்கொண்ட குடும்பத்துக்கு இரண்டும் ஒன்று என்பதால் தண்டனையும் ஒன்று.

அதற்குக் கீழே பொது இடம். நியாயமான காரணம் இல்லாமல் தெருவிலோ பேருந்திலோ போலித் துப்பாக்கியோடு நடமாடுவது நீண்ட காலம் தனிக் குற்றமாக இருக்கவில்லை. 2003இன் சமூக விரோத நடத்தைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 6 மாதமாக இருந்த உச்சத் தண்டனை பிறகு 12 மாதமானது. இதற்கு நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. காரணம் சொல்ல வேண்டியது எடுத்துச் சென்றவர். நாடக ஒத்திகைக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துப் போகிறவருக்குக் காரணம் இருக்கிறது. இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பவருக்கு இல்லை.

போலித் துப்பாக்கி என்பதன் எல்லை எதுவரை என்ற கேள்வி 2005இல் பிரபுக்கள் சபை வரை போனது. ஒருவர் தன் முன்னாள் முதலாளியின் வீட்டுக்குள் புகுந்து, சட்டைக்கு மேல் போட்டிருந்த ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, விரலைத் துப்பாக்கி முனைபோலத் துருத்திக் காட்டி, சுட்டுவிடுவேன் என்று மிரட்டிப் பணமும் நகையும் கேட்டார். கொள்ளைக் குற்றத்தோடு, போலித் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருந்த குற்றமும் அவர்மேல் சுமத்தப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது குற்றத்தையும் உறுதிசெய்தது. பென்தம் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். ஒருவன் தன்னிலிருந்து தனியாக இல்லாத ஒன்றை உடைமையாக வைத்திருக்க முடியாது, விரல் அவனுடைய உடல், அது பொருளே அல்ல என்பது மூத்த நீதிபதி பிங்ஹாம் பிரபு காட்டிய காரணம். விரலைப் பொருள் என்று ஒப்புக்கொண்டால், குற்றத்துக்குப் பயன்பட்ட பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அந்த விரலுக்கும் பொருந்திவிடும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அஞ்சவைத்ததற்கான தண்டனை கொள்ளைக் குற்றத்தின் கீழ் இருக்கிறது. உடைமைக் குற்றத்துக்குக் கையில் ஓர் உடைமை வேண்டும். சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதன் சொற்கள் எட்டுகிற தூரம் வரைதான் தண்டிக்கலாம் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் ஹாக்னி பகுதியில் நடந்ததையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். 1999 செப்டம்பர் 22 அன்று ஹாரி ஸ்டான்லி என்ற 46 வயது பெயின்டர், பழுது பார்க்கப்பட்ட மேசைக்கால் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் அவர் நுழைந்த மதுக்கடையில் இருந்த ஒருவர் அதைத் துப்பாக்கி என்று நினைத்துக் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். ஆயுதம் தாங்கிய காவலர்கள் வந்து பின்னாலிருந்து குரல் கொடுக்க, அவர் திரும்ப, சுட்டுக் கொன்றார்கள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. இரண்டாவது மரண விசாரணை 2004இல் இதைச் சட்டவிரோதக் கொலை என்றது. 2005இல் உயர்நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. காவலர்கள் மீது வழக்குத் தொடரப்படவில்லை. மேசைக்காலைத் தடை செய்யும் சட்டம் எந்த நாட்டிலும் வர முடியாது. ஆகவே, போலித் துப்பாக்கிகளை ஒழித்துவிட்டால் இப்படிப்பட்ட சாவுகள் ஒழிந்துவிடும் என்று சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். சுடுகிற கையின் பயிற்சி, தகவல் சொல்கிறவரின் நிதானம் என்ற மறுபாதி துப்பாக்கிச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

இப்போது உடைமைக்கு வருவோம். 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் 36ஆம் பிரிவு 2007 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அசலைப் போலவே தோன்றும் போலித் துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, நாட்டுக்குள் கொண்டுவருவது, சாதாரணப் பொம்மையை அசல்போல மாற்றியமைப்பது ஆகிய நான்கும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் குற்றம். வைத்திருப்பது என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றேதான் விடப்பட்டது. நாட்டில் அலமாரி அலமாரியாக ஏற்கெனவே இருந்த மாதிரிகளின் சொந்தக்காரர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாகவில்லை. ஆனால் புதிதாக ஒன்று சந்தைக்குள் நுழையும் வாசல்கள் அடைக்கப்பட்டன.

எது அசல்போன்றது? நடைமுறையில் எந்த விதத்திலும் அசலிலிருந்து வேறுபடுத்திக் காண முடியாதது என்று சட்டம் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. ஒரு நிபுணர் மட்டுமே வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், அல்லது அருகில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால், அல்லது குண்டு போட்டுச் சுட முயன்றால்தான் தெரியும் என்றால் அதுவும் அசல்போன்றதுதான். கத்தி முனையிலோ துப்பாக்கி முனையிலோ நிற்பவருக்கு நிபுணரை அழைத்துவர அவகாசம் இல்லை என்ற எண்ணம் இந்த வாசகத்துக்குள் இருக்கிறது. மிகக் கவனமாக யோசித்து எழுதிய பிரிவு இது.

அளவும் நிறமும் விதிவிலக்கைத் தீர்மானிக்கின்றன. 38 மில்லிமீட்டர் உயரத்துக்கும் 70 மில்லிமீட்டர் நீளத்துக்கும் குறைவானவை அசலாகத் தோன்றாது என்று கொள்ளப்படும். சாவிக்கொத்தில் தொங்கும் பொம்மைகள் இதனால் தப்பின. முதன்மை நிறம் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தாலும், உடல் முழுவதும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவினாலும் அது அசல்போன்றதல்ல. 1870க்கு முற்பட்ட வடிவமும் பொறியமைப்பும் கொண்டவற்றின் மாதிரிகளும் தடைக்கு வெளியே. மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கியின் மாதிரியைச் சுவரில் மாட்ட விரும்புகிறவரைச் சட்டம் தொந்தரவு செய்யவில்லை. வங்கியில் நுழைந்து அதை நீட்டுபவர் அரிது.

சில தொழில்களுக்கும் வழி விடப்பட்டது. அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி, பழைய போர்களை மறுநடிப்புச் செய்யும் குழுக்கள், அரசுப் பணி ஆகியவற்றுக்காகச் செய்தேன் என்று காட்டினால் அது எதிர்வாதமாகும். 18 வயது நிறையாதவருக்கு எந்தப் போலித் துப்பாக்கியையும் விற்கக் கூடாது. அவர் வாங்கவும் கூடாது. இங்கே ஒரு வினோதம் உண்டு. தடுக்கப்பட்டது விற்பனை. பெற்றோர் தம் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பது தடுக்கப்படவில்லை. அதாவது, பிள்ளை தானே கடைக்குப் போய் வாங்கும் வழியை அடைத்து, ஒரு பெரியவரின் முடிவு நடுவில் வரும்படி செய்திருக்கிறார்கள். இதை ஓட்டை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது பொறுப்பை உரியவர் தோளில் வைத்த ஏற்பாடாகவே தெரிகிறது.

மாற்றியமைப்பதைப் பற்றிய விதி பலருக்கும் தெரியாமல் சிக்கவைப்பது. கடையில் முறைப்படி வாங்கிய, பாதிக்குமேல் நீல நிறமுள்ள துப்பாக்கிக்கு வீட்டில் உட்கார்ந்து கறுப்புப் பெயின்ட் அடித்தால் அந்த நிமிடமே குற்றம் நடந்துவிடுகிறது. ஏற்கெனவே கறுப்பாக இருந்ததை 2007க்கு முன்பே வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் குற்றமற்றவர். இரண்டு வீட்டிலும் இருக்கும் பொருள் ஒன்றுதான். தர்க்கத்துக்கு இது இடிக்கிறது. ஆனால் சட்டம் தடுக்க நினைப்பது அசல்போன்ற பொருள்களின் எண்ணிக்கை கூடுவதை. அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் பெயின்ட் அடிப்பது ஒரு புதிய பொருளை உருவாக்குவதுதான்.

ஏர்சாஃப்ட் விளையாட்டுக்காரர்கள்தான் இந்தச் சட்டத்தோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் இந்தத் துப்பாக்கிகள் பிறந்த கதையே ஒரு தடையின் கதை. ஜப்பானில் உலோகத்தால் செய்த கைத்துப்பாக்கி மாதிரிகள் பெரும் மோகமாக இருந்தன. 1971இல் ஜப்பானியச் சட்டம் அவற்றுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும், குழலை அடைக்க வேண்டும் என்றது. அப்படிச் செய்யாத ஒன்றை வைத்திருப்பதே குற்றமானது. 1977இல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. தயாரிப்பாளர்கள் உலோகத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்குப் போனார்கள். பிளாஸ்டிக் துப்பாக்கிக்கு நிறக் கட்டுப்பாடு பொருந்தவில்லை. காற்றழுத்தத்தில் உருண்டை சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கிகள் அங்கே வளர்ந்து உலகெங்கும் பரவின. 2006இல் ஜப்பான் அவற்றின் விசைக்கும் 0.98 ஜூல் என்று வரம்பு கட்டியது. ஒரு வாசலை அடைத்தால் தொழில் இன்னொரு வாசலைத் தேடும் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது.

பிரிட்டனில் ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கு 2007இன் விதிமுறைகள் தனி எதிர்வாதம் கொடுத்தன. மூன்றாம் நபர் காப்பீடு உள்ள களத்தில் ஆடுபவருக்கு அசல்போன்றதை விற்கலாம். வாங்குபவர் உண்மையில் ஆடுகிறவரா என்று கடைக்காரர் எப்படி அறிவது? சில்லறை வணிகர்களின் சங்கமே ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்குக் குறையாத காலத்தில் குறைந்தது மூன்று ஆட்டம் ஆடியவருக்குப் பதிவு எண் கிடைக்கும். அரசு நடத்தாத பதிவேடு, ஆனால் கடைகள் அதை மதிக்கின்றன. 2017இல் இந்தத் துப்பாக்கிகளின் விசைக்கும் வரம்பு வந்தது: தொடர்ச்சியாகச் சுடுபவற்றுக்கு 1.3 ஜூல், மற்றவற்றுக்கு 2.5 ஜூல். அதைத் தாண்டினால் அது பொம்மை அல்ல.

தோற்றம் ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து மாற்றத்தில் இருக்கிறது. போலியை அசலாக்க முடிந்தால் அதற்கு மேல் அதைப் போலி என்று அழைப்பதில் பொருளில்லை. பிரிட்டன் இதற்கு 1982இலேயே தனிச் சட்டம் போட்டது. எளிதில் மாற்றத்தக்க போலித் துப்பாக்கி அசல் துப்பாக்கியாகவே கருதப்படும். உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். எளிதில் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் அளவுகோல் கைக்கு எட்டியது: துப்பாக்கி செய்யும் தனித்திறமை தேவைப்படக் கூடாது, வீட்டில் சில்லறை மராமத்துப் பார்ப்பவர்களிடம் வழக்கமாக இருக்கும் கருவிகளே போதுமானதாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அந்தப் பொருள் ஆயுதம்.

இந்த அளவுகோலைச் சந்தை திரும்பத் திரும்பச் சோதித்தது. ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கி வைக்கவும், நாய்களைச் சத்தத்துக்குப் பழக்கவும், படப்பிடிப்புக்கும் பயன்படும் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கிகள்தான் சிக்கலின் மையம். அவை குண்டில்லாத தோட்டாவின் மருந்தை வெடிக்கச் செய்பவை. உள்ளே உண்மையான வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் உலோகம் இருக்கிறது. 2010இல் ஒலிம்பிக் .38 என்ற ரிவால்வர் வகை எளிதில் மாற்றத்தக்கது என்று காவல்துறை கண்டுபிடித்து, வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க அவகாசம் கொடுத்தது. 2025 பிப்ரவரி 3 முதல் 28 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மறுபடி அதே காட்சி. ரெட்டே, எக்கோல், சியோனிக், புளோ என்ற பெயர்களில் துருக்கியில் தயாராகி வந்த, மேல்பக்கமாகப் புகை வெளியேறும் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கிகள் சட்டவிரோதமானவை என்று தேசியக் குற்றத் தடுப்பு முகமை அறிவித்தது. அதுவரை 18 வயது நிறைந்த யாரும் உரிமமின்றி அவற்றை வாங்க முடிந்தது. அவகாசம் முடிந்தபின் வைத்திருப்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை.

அந்தத் துருக்கித் துப்பாக்கிகள் எல்லாம் விதிப்படி பாதி உடலுக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசி விற்கப்பட்டவை. கடத்தல்காரர்கள் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள், குழலைத் துளைத்தார்கள், சுட்டார்கள். வண்ணம் ஒரு டப்பா பெயின்ட்டில் மறைந்துபோனது. வண்ண விதி தெருவில் தவறான பயத்தைக் குறைக்க உதவலாம்; குற்றக் கும்பலைத் தடுக்க அது உதவவே உதவாது. அதைத் தடுக்கக்கூடியது இரும்பின் அமைப்பைச் சோதிக்கும் சட்டம் மட்டும்தான்.

அமெரிக்கா வண்ணத்தை மட்டும் நம்பியது. 1987 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நுகர்வோர் பிரச்சினைகளைப் பேசும் டேவிட் ஹோரோவிட்ஸ் நேரலையில் இருந்தபோது ஒருவர் அவர் முதுகில் துப்பாக்கியை வைத்துத் தன் அறிக்கையைப் படிக்கவைத்தார். அது பொம்மை என்பது பிறகே தெரிந்தது. ஹோரோவிட்ஸ் அதன்பின் போலித் துப்பாக்கிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். 1988இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1989 மே 5 முதல் பொம்மைத் துப்பாக்கிகளின் குழல் முனையில் ஆரஞ்சு நிற அடைப்பு கட்டாயமானது. சட்டம் தயாரிப்பாளரையும் வணிகரையும் கட்டுப்படுத்துகிறது. வாங்கிப் போனவர் அந்த முனையைக் கழற்றி எறிந்தால் அந்தச் சட்டம் அவரைத் தொடுவதில்லை. சில மாநிலங்களும் நகரங்களும் மேலும் கடுமையான விதிகளை வைத்திருக்கின்றன. குழந்தைகள் கையில் சாதாரணமாக இருக்கும் பெல்லட் துப்பாக்கிகளும் பிபி துப்பாக்கிகளும் கூட்டாட்சி விதிக்கு வெளியே விடப்பட்டன. ஆரஞ்சு முனை காவலருக்கு அசலையும் பொம்மையையும் பிரித்தறிய உதவவில்லை என்று அமெரிக்க நீதித்துறைக்காக நடந்த ஆய்வு 1990இலேயே சொன்னது.

2014 நவம்பர் 22 அன்று ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்தில் டாமிர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் பூங்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கி ஒன்றோடு விளையாடிக்கொண்டிருந்தான். ஆரஞ்சு முனை அதில் இல்லை. காவல்துறையை அழைத்தவர், அது அநேகமாகப் போலியாக இருக்கலாம், கையில் வைத்திருப்பவன் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு தகவலும் ரோந்து வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் காவலர் சுட்டார். மறுநாள் சிறுவன் இறந்துபோனான். காவலர் மீது குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி மறுத்தது. நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே மாநிலத்தில், வால்மார்ட் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த ஜான் கிராஃபர்ட் என்ற 22 வயது இளைஞரும் காவலரால் கொல்லப்பட்டார். அவரும் கறுப்பினத்தவர். அசல் துப்பாக்கியைப் பெரியவர்கள் வெளிப்படையாக ஏந்திச் செல்வதை அனுமதிக்கும் மாநிலம் அது. அங்கே கடைச் சரக்கு ஒன்றைக் கையில் எடுத்தவர் உயிரிழந்தார். ஒரு பொருளின் சட்டநிலை காகிதத்தில் மட்டும் முடிவாவதில்லை, அதை யார் கையில் பார்க்கிறோம் என்பதிலும் முடிவாகிறது என்பதை இந்த இரண்டு சாவுகளைவிட வேறெதுவும் உரக்கச் சொல்ல முடியாது.

தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் வழி இவை எல்லாவற்றிலும் நேரடியானது. அசல்போன்ற மாதிரி அங்கே தடைசெய்யப்பட்ட சாதனம். 1998 டிசம்பர் 1 அன்று கையில் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு இறக்குமதி, வாங்கல், விற்றல் எதற்கும் தனிநபருக்கு இடமில்லை. ஊரிலிருந்து பேரனுக்கு அசல்போன்ற ஒன்றை வாங்கிக்கொண்டு டொரோண்டோ விமான நிலையத்தில் இறங்கும் தாத்தா பாட்டிகள் இதை அறிந்திருப்பது நல்லது.

இனி இந்தியா. நம் படைக்கலச் சட்டம், பொம்மையாக அன்றி வேறெதற்கும் பயன்படாத, பயன்படும் ஆயுதமாக மாற்றவும் முடியாத ஒன்றைப் படைக்கலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிடுகிறது. ஆகவே தீபாவளிக்கு ரோல் கேப் வைத்து வெடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க யாராலும் முடியாது. திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் அப்படியே. ஆனால் அந்த விலக்கில் இரண்டு நிபந்தனைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பொம்மையாக மட்டுமே பயன்படுவது என்பது ஒன்று, மாற்ற முடியாதது என்பது இன்னொன்று. மாற்ற முடிந்த ஒன்று பொம்மை என்ற பெயரில் விற்கப்பட்டாலும் விலக்கின் பாதுகாப்பு அதற்கு உறுதியாகக் கிடைக்காது. 6ஆம் பிரிவு போலித் துப்பாக்கியை அசலாக மாற்றுவதற்கு உரிமம் வேண்டும் என்கிறது. மீறினால் 2019இன் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை சிறை. காற்றுத் துப்பாக்கிகளுக்கு 2016இன் படைக்கல விதிகள் எல்லை வகுக்கின்றன: விசை 20 ஜூல் என்ற அளவையோ குழல் விட்டம் 0.177 அங்குலத்தையோ தாண்டினால் உரிமம் தேவை.

இவ்வளவு தெளிவு உடைமையில் இருக்க, பயன்பாட்டில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. கொள்ளையின்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 ஆண்டு சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 311ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 397. போலித் துப்பாக்கி என்ற சொல் அதில் இல்லை. நகைக்கடையில் நீட்டப்பட்டது பிளாஸ்டிக் பொம்மை என்று விசாரணையில் தெரிந்துவிட்டால், அதைக் கொடிய ஆயுதம் என்று நிலைநாட்டுவது அரசுத் தரப்புக்குக் கடினம். கொள்ளைக் குற்றம் நிற்கும். உயிரச்சம் ஊட்டியதே அதற்குப் போதும். ஆனால் அந்த 7 ஆண்டுக் குறைந்தபட்சம் கைநழுவும். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்ணின் நெற்றிக்கு நேராக அது நீட்டப்பட்டபோது அவர் அனுபவித்த திகிலில் எந்தக் குறைவும் இருக்கவில்லை. விமானக் கடத்தலில் பயணியின் பக்கம் நின்ற நாடாளுமன்றம் நகைக்கடையில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. உயிரைப் பறிக்கும் திறன் இல்லாத கருவியைத் தேர்ந்தெடுத்தவன், ஒருவேளை யாரையும் கொல்ல விரும்பாதவனாக இருக்கலாம். அவனையும் தோட்டா நிரப்பி வந்தவனையும் ஒரே தட்டில் வைத்தால், அடுத்த முறை அவன் ஏன் அசலையே எடுத்து வரக் கூடாது? இந்த வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அதனால்தான் போலித் துப்பாக்கிக்கு 311இன் அதே தண்டனை வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கென்று தனியாக ஒரு பிரிவும், அசலுக்குச் சற்றுக் குறைந்த, ஆனால் வெறும் கொள்ளையைவிடக் கூடுதலான ஒரு தண்டனையும் வேண்டும் என்கிறேன்.

என் முடிவு இதுதான். மாற்ற முடியாத ஒரு போலித் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றமாக இருக்கக் கூடாது. சேகரிப்பவரையும் நாடகக் கலைஞரையும் குழந்தையையும் குற்றவாளியாக்குவதால் யாருடைய உயிரும் காப்பாற்றப்படப் போவதில்லை. காவல் நிலையத்துக்கு இன்னொரு சாக்கு கிடைக்கும், அவ்வளவுதான். மாற்ற முடிந்தது எதுவாயினும், அதன் நிறமும் பெயரும் என்னவானாலும், வைத்திருப்பதே குற்றமாக இருக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு பிரிட்டனின் 1982 அளவுகோலைப் போல வெளிப்படையான ஒன்று நம் விதிகளில் எழுதப்பட வேண்டும். அசல்போன்றதைப் பொது இடத்தில் காரணமின்றி ஏந்தி நடப்பதை மிரட்டல் நடக்கும்வரை காத்திருக்காமல் சிறு குற்றமாக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அசல்போன்றதை விற்பதை நிறுத்த வேண்டும். சன்ஹிதாவின் கொள்ளைப் பிரிவுகளில் போலித் துப்பாக்கிக்கு இடம் கொடுக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும். அதுவரை, பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கும் பெற்றோர் அசலைப் போன்ற கறுப்பை விட்டுப் பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள். இணையத்தில் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியைப் பொம்மை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.